ஞாயிற்றுக்கிழமை எழுதிய வியாழக்கிழமை

தாராபுரத்தில் மயிலக்கா என்று ஒருவர் இருந்தார். ஆற்றோரம் ஓட்டு வீடு. காலை ஆறரைக்கு அங்கே போனால் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்லித் தருவார். அதற்குமேல் எதையும் சொல்லித் தரமாட்டார். முன்பு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தவர், ஒரு நாள் போதும் என்று விட்டுவிட்டு வந்தவர். வயது நாற்பத்தாறு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவருக்கு அவர்கள் எல்லாரும் அண்ணன்கள்.

அந்த அண்ணன்களில் ஒருவர் சென்னியப்பன். வேளாண்மைத் துறையில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பேர்தான். ஐந்து மணிக்கு நடை, ஆறரைக்கு மயிலக்கா, அப்புறம் மாடித் தோட்டம், செவ்வாயும் வெள்ளியும் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக் கொடுக்கும் சேவை, மற்ற நாளில் ஓய்வூதியர் சங்கம். வேலையில் இருந்தபோது இதில் பாதி சுறுசுறுப்பு இருந்திருந்தால் வட்டாரமே பச்சைப்பசேலென்று ஆகியிருக்கும் என்று அவர் வீட்டம்மாவே சொல்வதுண்டு.

செய்ததையெல்லாம் இணையத்தில் எழுதவும் செய்தார். 'ஓய்வில்லா ஓய்வு' என்று ஒரு வலைப்பூ. தினம் ஒரு பக்கம், சாயங்காலம் ஏழு மணிக்கு டாண் என்று வந்துவிடும். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. இருநூறு பேராவது வாசித்தார்கள். "உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது ஐயா" என்று யாராவது பின்னூட்டம் போட்டுவிட்டால் அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு ஒரு கை கூடுதலாக இறங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. வாரத்துக்கான ஏழு பக்கத்தையும் அவர் ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிடுவார். தேதி குறித்து வைத்தால் அந்தந்த நாள் ஏழு மணிக்கு அதுவே வெளியாகிவிடும். பிறகு திங்கள் முதல் எழுதியபடி நடந்துகொள்வார். புதுசாகக் கற்றுக்கொண்ட வித்தை இல்லை. வேலையில் இருந்தபோது டூர் டைரியை அப்படித்தான் எழுதுவார். எந்தத் தேதியில் எந்த ஊர், யார் தோட்டம், பயிர் எப்படி இருந்தது எல்லாமே போவதற்கு முன்னாலேயே எழுதியாகிவிடும். எழுதினபடி போய்வந்துவிட்டால் அது எப்படிப் பொய்யாகும் என்பது அவர் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்கண்ணா."

"ஒரு பக்கம் வெளியாயிருச்சுங்க. அதை அழிக்கிறதா, அப்படியே விட்டுடறதா, இல்ல தேதியை இன்னைக்குன்னு மாத்திக்கறதா? எது சரி?"

"எந்தப் பக்கம்?"

அவர் போனை நீட்டினார். மயிலக்கா கை நீட்டவில்லை.

"நீங்களே படிங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "இன்று நண்பர் நாச்சிமுத்துவைப் பார்த்து வந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். முகத்தில் நல்ல தெளிவு. பழைய கதைகளைப் பேசி வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவர் துணைவியார் சுட்டுக் கொடுத்த பணியாரத்தின் ருசி இன்னும் நாவில் நிற்கிறது."

"நல்லாத்தானே இருக்கு?"

"நான் போகவே இல்லைங்க அக்கா."

சென்னியப்பன் கடகடவென்று கொட்டினார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்று போனிலும் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்துச் சங்கத்தில், ஓய்வூதியம் நிற்காமலிருக்க வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றுக்கான முகாம் நீண்டுவிட்டது. கருவியில் கை ரேகை விழாத கிழவர்கள் வரிசையில் நின்றார்கள், விட்டுவிட்டு வர முடியவில்லை. வீடு வந்தபோது ஆறு மணி. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று காலை நீட்டினார். பக்கம் ஒன்று ஏழு மணிக்குக் காத்திருப்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

"காலையில நடந்துட்டு வந்து பாக்கறேன், கீழ நாச்சிமுத்துவே எழுதியிருக்கான்."

"என்னன்னு?"

"'சார் நேரில் வந்து பேசியதில் மிக்க சந்தோசம்.' அவ்வளவுதான். கிண்டலா, பெருந்தன்மையான்னு புடிபட மாட்டேங்குது."

"இப்ப எப்படி இருக்காருங்க அவரு?"

"பரவாயில்லைங்க. முகத்துல நல்ல தெளிவு..."

சென்னியப்பன் சட்டென்று நிறுத்தினார். காது வரைக்கும் சூடேறியது. அவர் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

மயிலக்கா எழுந்துபோய் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏறுங்கண்ணா."

"எங்கீங்க?"

"எனக்கு அவர் வீடு தெரியாது. நீங்கதான் வழி சொல்லணும்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. நூலகம்னு எழுதி..." என்று ஆரம்பித்த சென்னியப்பன் மீதியை விழுங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். அறுபத்து நாலு வயது அலுவலர் ஓர் அம்மாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டில் போவதைக் கடைவீதியே பார்த்தது. வேறொரு நாளாக இருந்தால் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார்.

நாச்சிமுத்துவின் மனைவி பழனாத்தாள் வாசலில் நின்றிருந்தார். சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

"வாங்க சார். வாங்கம்மா."

உள்ளே நாச்சிமுத்து கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகி இருந்தார். வண்டியின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் வளைத்த தோள் எலும்பும் தோலுமாகத் துருத்திக்கொண்டிருந்தது. முகம் மட்டும் மழுங்கச் சவரம் செய்யப்பட்டிருந்தது.

"வாங்க சார். நேத்துத்தான வந்தீங்க? இன்னைக்கும் சிரமப்பட்டுட்டு வந்திருக்கீங்க."

சென்னியப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழனாத்தாள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நேத்து ரெண்டு மணிக்கே சவரம் பண்ணிவிடச் சொன்னாருங்க சார். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டாரு. ஆபரேசனுக்கப்புறம் மொத மொதலா இந்த நாற்காலியில உக்காந்தது நேத்துத்தான். சார் வர்றப்ப படுத்துக் கெடக்க வேண்டாம்னு. வலி தாங்கலை, படுத்துக்கங்கன்னா கேக்கலை. ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் போனைப் பாத்தாரு. படுக்கறேன்னாரு."

"சும்மா இரு" என்றார் நாச்சிமுத்து. பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். "ஒரே ஒரு சந்தேகமுங்க சார். வயிறு வலிக்கச் சிரிச்சோம்னு போட்டிருந்தீங்க. நான் என்ன சொன்னதுக்குச் சிரிச்சோம்? அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்க."

குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார். சென்னியப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் டிரைவரிடம் சொல்லாத வார்த்தை ஒன்று வாய்க்கு வர மறுத்து, கடைசியில் வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுக்க நாச்சி."

"அட விடுங்க சார். காத்திருக்கறது எனக்குப் புதுசா? எத்தனை ஊர்ல ஜீப்புல காத்துக் கெடந்திருக்கேன். நீங்க ஞாயித்துக்கெழம எழுதுவீங்க. திங்கக்கெழம நான் வண்டியை எடுத்து அதை நெசமாக்கிப்போடுவேன். இப்ப வண்டி ஓட்ட ஆளில்லை, அவ்வளவுதான்."

மயிலக்கா சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் சென்னியப்பன். வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நாச்சிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இனி நடக்கறது கஷ்டம்னுட்டாருங்க. புதன்கெழம சொன்னாரு. நேத்து நீங்க வந்தா உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். வேற யார்கிட்டச் சொல்றது?"

சென்னியப்பன் கட்டிலின் ஓரத்தில் கிடந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பிறகு இன்னொரு கையால் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அந்தப் பக்கத்தை இப்பவே அழிச்சிடறேன் நாச்சி."

"வேண்டாங்க சார்."

"ஏன்?"

"இருந்துட்டுப் போகட்டும். அதுல நான் நல்லா இருக்கேன்."

பழனாத்தாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். சென்னியப்பன் நேற்றைய பக்கத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு எழுதி வைத்திருந்ததைத் திறந்தார். நூலகத்தில் பயனுள்ள ஒரு காலைப்பொழுது என்று ஆரம்பித்தது. அழித்தார். சனிக்கிழமையையும் அழித்தார். அழித்த இடம் வெள்ளையாக இருந்தது. ஆறு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? பாயில் இருந்தவர் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அக்கா, ஒரு நாள்கூட விட்டதில்லைங்க. இப்ப இன்னைக்குன்னு நான் என்னத்த எழுதறது?"

மயிலக்கா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கெப்படிங்கண்ணா தெரியும்? மணி இன்னும் எட்டரைகூட ஆகலையே."