நாவலடிக்கு வந்த வனசபை

ஆற்றோரக் காட்டில் நாவல் மரங்கள் அடர்ந்த மேடு ஒன்று இருந்தது. நடக்க முடியாத விலங்குகள் அங்கே படுத்துக் கிடந்தன. கண் தெரியாத ஒரு மான், பல் கொட்டிய ஒரு செந்நாய், இடுப்பு ஒடிந்த ஓர் எருமைக்கடா. மேய்ச்சலும் இரையும் தேடிக் கூட்டங்கள் நகர்ந்தபோது, இவர்களை அங்கே விட்டுவிட்டுப் போயின. அந்த மேட்டுக்கு நாவலடி என்று பெயர்.

அங்கே மூவர் வேலை பார்த்தார்கள். மந்தி இரை கொண்டுவந்து ஊட்டுவாள். கரடி படுத்தவர்களைப் புரட்டிப் போடுவான். மஞ்சமூக்கி என்ற மைனா புண்களைக் கொத்திச் சுத்தம் செய்வாள். புண்ணில் எடுக்கும் புழுதான் அவளுக்கு இரை. அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. வேலையில்தான் பெருமை. மஞ்சமூக்கி கை வைத்த உடம்பு நாறாது என்று அந்தக் காட்டில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது.

படுத்த உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அழுகிவிடும். காலையில் ஒரு பக்கம், வெயில் ஏறியதும் மறுபக்கம் என்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரடிக்கும் வயதாகிவிட்டது, தோள் விட்டுப்போயிருந்தது. மானைப் புரட்டினான். செந்நாயைப் புரட்டினான். எருமைக்கடாவிடம் வந்தால் மூச்சு வாங்கியது. கடாவின் இடுப்பில் புண் விழுந்தது. முதலில் நாவல் பழம் அளவுக்கு இருந்தது. பிறகு மஞ்சமூக்கியின் தலை உள்ளே போகிற அளவுக்கு ஆழமானது.

“இப்படியே போனா கடா அண்ணன் தாங்கமாட்டாரு. இன்னொரு ஆள் வேணும். சபையில கேப்போம்” என்றாள் மஞ்சமூக்கி.

வனசபைதான் காட்டுக்குச் சட்டம் போடும் சபை. யானை தலைவர், மயிலும் காட்டுப்பன்றியும் உறுப்பினர்கள். மூவருமே நன்றாக நடக்கக்கூடியவர்கள்.

மஞ்சமூக்கி பாறைமேல் ஏறி நின்று பேசினாள். “நாவலடியில கெடக்கறவங்க எல்லாம் உங்க கூட்டத்து ஆளுங்கதான். ஒவ்வொரு கூட்டமும் முறை போட்டு, பலமான ஆள் ஒருத்தரை அனுப்பணும். புரட்டிப் போடறதுக்கு மட்டும்தான் கேக்கறோம். மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

யானைத் தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார்.

மஞ்சமூக்கியும் கரடியும் மந்தியும் துள்ளிக்கொண்டு நாவலடிக்குத் திரும்பினார்கள். “தலைவர் ஒத்துக்கிட்டாரு!” என்று கரடி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் தேன்கூட்டைத் தேடிப் பிடித்து எல்லோருக்கும் பங்கு வைத்தான்.

யாரும் வரவில்லை. பௌர்ணமி போயிற்று, அமாவாசையும் போயிற்று. புற்றடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கீரிப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தது.

“யானை நின்னா தலை ஆடும், மைனாக்கா. மழை பெய்யுமான்னு கேட்டாலும் ஆடும், பெய்யாதான்னு கேட்டாலும் ஆடும். போன வருசம் என் பொந்தைப் பெருசாக்கித் தாங்கன்னு கேட்டேன். அதுக்கும்தான் ஆட்டினாரு.”

மஞ்சமூக்கி மறுபடியும் சபைக்குப் போனாள். இந்த முறை தலையாட்டலை ஏற்கவில்லை. “வாயைத் திறந்து சொல்லுங்க. ஆள் உண்டா, இல்லையா?” என்று நின்றாள். சபைக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. மயில் தோகையைச் சரிசெய்துகொண்டது.

“நேரில் பார்வையிடாமல் முடிவெடுப்பது முறையாகாது. அடுத்த வாரம் நாங்கள் வருகிறோம்.”

சபை வருகிறது என்றதும் நாவலடி பரபரத்தது. மந்தி சருகெல்லாம் கூட்டி அள்ளினாள். கரடி தோள் வலியைப் பொறுத்துக்கொண்டு, கடாவை நல்ல பக்கம் தெரியும்படி புரட்டி வைத்தான். மஞ்சமூக்கி விடிந்ததிலிருந்து ஒவ்வொரு புண்ணாகக் கொத்திச் சுத்தம் செய்தாள். கரடி புரட்டும் முன்பே கடாவின் இடுப்புப் புண்ணை வாடை வராமல் வேப்பிலை போட்டு மூடி, மேலே தேக்கிலை வைத்தாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்குத் துணியை யாரும் வாசலில் போட்டு வைப்பதில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சபை வந்தது, பார்த்தது, மகிழ்ந்தது.

“என்ன சுத்தம்! என்ன ஒழுங்கு!” என்றது மயில். “இவர்கள் காட்டில் இருக்கிறார்களா, சொர்க்கத்தில் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை.”

“குறை ஒன்றையும் காணோம்” என்றார் காட்டுப்பன்றி. “மூவரே இத்தனை நன்றாகச் செய்யும்போது நாலாவது ஆள் எதற்கு?”

யானைத் தலைவர் தலையை ஆட்டினார். பிறகு வாயையும் திறந்தார். “உங்கள் தியாகம் பெரியது. மைனாவுக்குச் சபையின் சார்பில் சரக்கொன்றை மாலை சூட்டி, ‘காட்டின் கருணை’ என்ற பட்டமும் தருகிறோம்.”

சபை மேட்டைவிட்டு இறங்கிப் போனது. கடாதான் ஆரம்பித்தான்.

“என் புண்ணை ஏன் மூடினே, மஞ்சமூக்கி?”

“உங்க மானத்துக்குத்தாண்ணே.”

“என் மானத்துக்கா, உன் மானத்துக்கா?”

மஞ்சமூக்கி மூக்கைக் கிளையில் தேய்த்தாள்.

“அடுத்த தடவை மூடாதே” என்றான் கடா. “கொத்தவும் செய்யாதே. கரடி, நீயும் என்னைத் தொடாதே.”

“புழு வச்சுச் செத்துப்போவீங்கண்ணே” என்றான் கரடி. “அதுவுமில்லாம, நோயாளியை நாற விட்டோம்னு நாளைக்கு நாலு பேர் நம்மளைத்தான் பேசுவாங்க. சபையையா பேசுவாங்க?”

“புரட்ட ஆள் இல்லாம மெதுவாச் சாகறேனே, அதுக்கு இது என்ன கொறைச்சல்? இது என் உடம்பு, தம்பி. காட்டறதும் மூடறதும் நான் சொல்றபடிதான்.”

மஞ்சமூக்கி அன்றைக்கே சபைக்குச் சேதி அனுப்பினாள். பட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சபை கூடும் பாறையில் வேண்டாம், நாவலடியிலேயே விழா வையுங்கள் என்றாள். விழா என்றால் சபை எங்கும் வரும்.

விழாவுக்கு முந்தைய நாட்கள்தான் அவளுக்குக் கொடுமையாக இருந்தன. மானையும் செந்நாயையும் சுத்தம் செய்தாள். கடாவின் பக்கம் போகவில்லை. கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ஒரு தடவை பொறுக்காமல் இறங்கி, அவன் முதுகுவரைக்கும் வந்துவிட்டாள்.

“போ மேலே” என்றான் கடா, கண்ணைத் திறக்காமலே.

அவள் மேலே போனாள். பசித்தது. கீழே புழுவை வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைக்குப் பறந்துபோய் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றாள்.

விழா நாளில் சபை வாத்திய கோஷத்தோடு வந்தது. மரங்கொத்திகள் தாளம் போட்டன. மாலை மைனாவைவிடப் பெரிதாக இருந்தது. மேட்டில் ஏறும்போதே மயில் மூக்கைச் சுளித்தது.

“இது என்ன வாடை?”

“சென்ற முறை இப்படி இல்லையே. பராமரிப்பு சீர்கெட்டுவிட்டது” என்றார் காட்டுப்பன்றி. “பட்டத்தைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும்.”

கரடி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொன்னது போலவே நடந்துகொண்டிருந்தது. மஞ்சமூக்கி கடாவின் கொம்பில் வந்து உட்கார்ந்தாள்.

“தலைவரே, மாலையை அப்புறம் போடலாம். இவரைப் புரட்டிப் போடணும். கரடிக்குத் தோள் முடியலை. இருக்கறவங்கள்ல பலசாலி நீங்கதான்.”

இத்தனை பேர் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல யானைத் தலைவரால் முடியவில்லை. தும்பிக்கையைக் கடாவின் அடியில் கொடுத்துத் தூக்கிப் புரட்டினார். அடியில் இருந்த பக்கம் மேலே வந்தது. ஈக்கள் கூட்டமாக எழும்பின. மயில் ஓடிப்போய் ஒரு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டது. தலைவரின் தும்பிக்கை முழுக்கச் சீழ்.

“இது எப்போது வந்தது?” என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“நீங்க பாராட்டினீங்களே, அன்னிக்கும் இருந்தது” என்றாள் மஞ்சமூக்கி. “நாங்கதான் இலை போட்டு மூடியிருந்தோம். தப்பு எங்க மேலதான். இதைத் தியாகம்னு சொல்லாதீங்க, தலைவரே. இது வேலை. வேலைக்கு ஆள் பத்தலை.”

யானைத் தலைவர் தும்பிக்கையை மண்ணில் தேய்த்தார். வாடை போகவில்லை. அப்போது கடா தலையைத் தூக்கினான்.

“தலைவரே, ஒண்ணு கேக்கறேன். என்னைப் புரட்டக் கரடி முக்கிக்கிட்டாவது இருந்தான். நாளைக்கு நீங்க விழுந்தா யாரு புரட்டறது?”

யானைத் தலைவர் கரடியைப் பார்த்தார். பிறகு மந்தியைப் பார்த்தார். கடைசியாகத் தன் உடம்பைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் தலை ஆடாமல் நின்றது.

சட்டம் அங்கேயே, அந்த வாடையிலேயே நிறைவேறியது. இரக்கத்தால் நிறைவேறியது என்று பின்னாளில் மயில் காடெல்லாம் சொல்லித் திரிந்தது. அது பொய். பயத்தால் நிறைவேறியது. பயத்தால் போட்ட சட்டமும் சட்டம்தான்.

காட்டுப்பன்றி மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். “கூட்டங்கள் தங்களுக்கு வசதிப்படும்போது ஆள் அனுப்பலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வோம்.”

“வசதிப்படும்போது புரட்டினா போதும்னு புண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க, ஐயா. அது ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்” என்றாள் மஞ்சமூக்கி.

திருத்தம் தோற்றது. சபை மாலையை ஒரு கிளையில் தொங்கவிட்டுவிட்டுக் கிளம்பியது. அவர்கள் மேட்டைவிட்டு இறங்குவதற்கு முன்பே மஞ்சமூக்கி புண்ணுக்குள் தலையை விட்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஆள் வந்தது. முதலில் ஓர் இளம் யானை, பிறகு காட்டெருமை, பிறகு கடாவின் சொந்தக் கூட்டத்திலிருந்தே ஓர் எருமை. நேரத்துக்குப் புரட்டினார்கள். மானின் முதுகில் இருந்த புண்கள் ஆறின. செந்நாய்க்குப் புதிதாகப் புண் விழவில்லை. கடாவின் புண் மட்டும் எலும்புவரை போயிருந்தது. கோடை மழையின் முதல் தூறல் விழுந்த அன்று அவன் இறந்துபோனான்.

அன்றைக்கு முறை பன்றிக் கூட்டத்துடையது. முணுமுணுத்துக்கொண்டே மேடேறி வந்த பன்றி, கடாவைப் பார்த்துவிட்டு நின்றது.

“அதான் செத்தாச்சே. இனிமே நான் எதுக்கு?”

மஞ்சமூக்கி கடாவின் முதுகிலிருந்து எழுந்தாள்.

“மான் கெடக்கு. வா” என்றாள்.

புண்ணை மூடிக்காட்டி மருந்து கேட்பவருக்குப் பாராட்டுதான் கிடைக்கும். திறந்துகாட்டிக் கேட்பவருக்கே மருந்து கிடைக்கும்.