மூன்று மடிப்பு, நான்கு மடிப்பு

கல்வராயன் மலையடிவாரத்தில், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்துதரும் சின்ன ஆசிரமம் ஒன்று இருந்தது. அதன் குரு நீலாம்பிகைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் குலசேகரனுக்கு அறுபத்துமூன்று.

குலசேகரன் ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் பொருட்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு திருகாணிகூட உள்ளே போகாது. ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு பையோடு ஆசிரமத்துக்கு வந்து நின்றார்.

"அம்மா, என்னைச் சீடனா ஏத்துக்கணும்."

"அந்தத் தோல் பட்டைகளுக்கு எண்ணெய் போடுங்க ஐயா. காய்ஞ்சு கிடக்கு" என்றார் குரு.

அவர் சீடரானது அப்படித்தான். அது நடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ஆசிரமத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. செய்து முடித்த கால்களை மலைக்கிராமங்களுக்கு அதில்தான் ஏற்றிப் போவார்கள். பின்தொட்டி திறந்து கிடக்கும். மேலே ஒரு தார்ப்பாய், சுற்றிலும் கயிறு. மலைக்காற்றில் தார்ப்பாய் படபடத்துக் கிழியும். கிழிந்த இடத்தில் தைப்பார்கள், மறுபடி கிழியும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் குரு சொன்னார்: "ஐயா, வண்டிக்குக் கெட்டியான மூடி ஒண்ணு பார்த்துப் போட்டுடுங்க. மழைக்கு முன்னாடி."

குலசேகரன் சேலத்துக்குப் போனார். கடையில் மடக்கு மூடிகள் இரண்டு இருந்தன. ஒன்று அலுமினியம், மூன்றாக மடிவது. ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் முழுக்க மடித்து வைத்தால் ஓட்டுநருக்குப் பின்கண்ணாடி மறைந்துவிடும். மற்றது ஃபைபர், நான்காக மடிவது. ஒற்றை ஆளே கழற்றி இறக்கிவிடலாம், கண்ணாடியை மறைக்காது. ஆனால் மேலே பாரம் வைக்க முடியாது, பூட்டுவதற்கு இரண்டு பக்கமும் வார் இழுக்க வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் போய் இரண்டின் மேலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அதற்கடுத்த முறை கீல்களை நூறு தடவை மடக்கி விரித்தார். நான்காம் முறை, ஓரத்து ரப்பரின் தடிமனை அளக்கக் கருவியோடு போனார்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "ஐயா, ரெண்டுமே நல்ல சரக்குத்தான்" என்றார்.

"அதுதானே பிரச்சினை" என்றார் குலசேகரன்.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. நோட்டில் பதினேழு பக்கம் நிறைந்தது.

குரு ஒரே ஒரு தடவை கேட்டார். "மூடி வந்தாச்சா ஐயா?"

"இன்னும் முடிவாகலைம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

புரட்டாசியில் ஒருநாள், வெள்ளையம்மாவுக்குச் செய்த காலைப் பெட்டியில் வைத்து ஏற்றிக்கொண்டு குலசேகரன் மலையேறினார். வெள்ளையம்மா சாமை பயிரிடுபவள். போன வருஷம் பாம்பு தீண்டி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கதிர் முற்றிவிட்டது, இந்தத் தடவை தானே கொல்லைக்குப் போய் அறுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில் மழை பிடித்தது. நான்காவது வளைவில் தார்ப்பாய் நடுவில் பிளந்தது. குலசேகரன் இறங்கி ஓடி இழுத்துக் கட்டுவதற்குள் பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது.

வெள்ளையம்மா குளித்து, புதுச்சேலை கட்டி, வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் காலை எடுத்துக் காட்டினார். தோல் பட்டை ஊறி உப்பியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த மெத்தை கையோடு பிய்ந்து வந்தது.

"வேற செய்யணும்மா. மூணு வாரம் ஆகும்" என்றார்.

அவள் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள். "பரவால்ல சாமி. இத்தினி நாளு ஒத்தக்காலுல இருந்தவளுக்கு மூணு வாரம் பெருசா? நீங்க உள்ள வந்து தலையைத் துவட்டுங்க."

அறுவடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் நேரே குருவிடம் போய் நின்றார்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. மூணு மடிப்பா, நாலு மடிப்பா?"

குரு ஒரு செயற்கைப் பாதத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்க கண்ணுல எது படுதோ அது."

"நான் தப்பானதை எடுத்துட்டா?"

"அதையே எடுத்துட்டு வாங்க."

அவர் சேலத்துக்குப் போனார். நோட்டை எடுத்துப் போகவில்லை. கடைக்காரர் டீ சொல்வதற்கு முன்னாலேயே குலசேகரன் அலுமினிய மூடியின் பக்கம் கையை நீட்டினார். ஏன் அதைக் காட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் மூடியை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் புதுக்கால் தயாரானது. இந்தத் தடவை குருவும் வண்டியில் ஏறிக்கொண்டார். அடிவாரத்திலேயே மழை தொடங்கி, மலையுச்சி வரைக்கும் விடவில்லை. வண்டியோட்டிய குலசேகரன் வழி நெடுக அடிக்கடி பின்கண்ணாடி வழியே மூடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் வந்தபோது மழை விட்டிருந்தது. குரு பின்கதவைத் திறந்து பெட்டியை இறக்கினார். பெட்டி காய்ந்திருந்தது.

வெள்ளையம்மாவுக்குக் குருவே காலைப் பொருத்தி, பட்டையை இறுக்கிவிட்டார். வெள்ளையம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். நாலடி வைத்தாள். நின்றாள். பிறகு சுவரை விட்டுவிட்டு முற்றம் முழுக்க ஒரு சுற்று வந்தாள். சாமையை ஊரார் ஏற்கெனவே அறுத்து, கட்டுக்கட்டாக அவள் வாசலில் அடுக்கியிருந்தார்கள். அவள் ஒரு கட்டின் பக்கத்தில் போய் நின்று, கதிரைக் கையால் உருவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வெளைஞ்சிருக்கு" என்றாள்.

கிளம்பும் நேரம். காலிப் பெட்டியை ஏற்றுவதற்காகக் குலசேகரன் மூடியை முழுக்க மடித்தார். தொட்டியில் ஓட்டுநர் பக்கத்து முன்மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு கை அளவு இருக்கும்.

அவர் அதில் விரலை நனைத்துப் பார்த்தார்.

"ஒழுகியிருக்கும்மா."

குரு எட்டிப் பார்த்தார். "ஆமா."

"நாலு மடிப்புல இந்த மூலையில ரப்பர் இன்னும் தடிமன். அளந்து எழுதியே வச்சிருந்தேன். பெட்டியை இந்தப் பக்கம் வச்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

"அந்தப் பக்கம்தானே வச்சீங்க."

"தெரிஞ்சு வைக்கலையே. நான் மறுபடியும் தப்பானதைத்தான் எடுத்திருக்கேன்."

குரு தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்கதவுப் பக்கமாகச் சிதறியிருந்த ஈரத்தைத் துடைக்கத் தொடங்கினார். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

குலசேகரன் மூடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது வண்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"என் சம்சாரம் பேரு இந்திராணி. ஒருநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, சின்னது. கொஞ்ச தூரத்துல பெரிய ஆஸ்பத்திரி. எங்கே போறதுன்னு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கலை. பக்கத்துலயே கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் போயிட்டா."

குரு துடைப்பதை நிறுத்தினார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாளாம்மா?"

இதைக் கேட்கத்தான் அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பையோடு வந்தார். பட்டைகளுக்கு எண்ணெய் போட்டார், செயற்கைப் பாதங்களுக்கு உப்புத்தாள் போட்டார், மலையேறி இறங்கினார். கேட்க மட்டும் வாய் வரவில்லை. குரு விதி என்று சொல்வார், ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்வார், ஆத்மாவுக்கு அழிவில்லை என்று சொல்வார் என்றெல்லாம் தானே பதில்களை எண்ணி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பும் வைத்திருந்தார்.

குரு அவர் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது ஐயா."

அந்தப் பதிலுக்கு அவரிடம் மறுப்பு இல்லை. குரு அவசரப்படவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை பக்கத்திலேயே நின்றார்.

"யாருக்குமே தெரியாதாம்மா?" என்று குலசேகரன் கேட்டார். இப்போது குரல் சின்னதாக இருந்தது.

குரு துண்டை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் சரளைக்கல் மேல் விழுந்தது. பிறகு உதறி, மடித்து, அவரிடம் நீட்டினார்.

"அந்த மூலை எனக்கு எட்டாது. நீங்கதான் துடைக்கணும்."