தன் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிய ராஜா

முந்நூற்றுப் பதினேழு பொன். முன்னொரு காலத்தில் சுழியன் என்கிற விகடகவி அரண்மனைக் கருவூலத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. தலையில் இரட்டைச் சுழி இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். அந்தப் பொன்னில் அவன் ஒரு காசுகூடத் தின்னவில்லை. அவன் பிறந்த ஊரான நாணலேரியில் ஏரி தூர்ந்து கிடந்தது. வண்டல் அள்ளிக் கரையை உயர்த்த ஊரார் கடன் கேட்டார்கள். உங்களை நம்பித் தர முடியாது என்று கருவூலத்தில் கைவிரித்துவிட்டார்கள். சுழியன் ஏரியை ஈடாகக் காட்டி, தன் பேரில் வாங்கிக் கொடுத்தான். ஏரி ஆழமானது. ஆனால் வானம் இரண்டு வருஷம் ஏமாற்றிவிட்டது. தைப் பௌர்ணமிக்குள் கடன் அடையாவிட்டால் ஏரியையும், கரைமேல் நிற்கிற மரங்களையும் சேர்த்து ஏலம் விடுவதாகக் கருவூல அதிகாரி அம்பலவாணர் தண்டோரா போட்டுவிட்டார்.

அந்த நாட்டு ராஜா உதயசேகரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் யாரிடமும் விசாரிக்க மாட்டார். காதால் கேட்டே தெரிந்துகொள்வார். கருவூலத்தின் உச்சியில் ஒரு பெரிய மணி தொங்கியது. பத்துப் பொன் உள்ளே விழுந்தால் ஒரு அடி. அதற்குச் செழிப்பு மணி என்று பெயர். அடி கூடினால் நாடு செழிக்கிறது, குறைந்தால் மெலிகிறது, அவ்வளவுதான் கணக்கு. இந்த யோசனையைச் சொன்னவர் அம்பலவாணர். அதற்காகவே அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார் ராஜா.

போன வருஷம் மாசியில் நாடெங்கும் காய்ச்சல் பரவியபோது மணி ஓயாமல் அடித்தது. ஜனங்கள் மாட்டை விற்றார்கள், அதற்கு வரி. விற்ற காசில் மருந்து வாங்கினார்கள், அதற்கும் வரி. ராஜா பூரித்துப் போனார். தலையில் சுமை ஏற ஏற ஆள் வளர்கிறான் என்று நினைக்கிறவருக்கு யார் எடுத்துச் சொல்வது?

சபையில் ஒருநாள் அம்பலவாணர் எழுந்து, நாணலேரியை ஏலம் விட்டால் ஒரே நாளில் எண்பது அடி கேட்கலாம் என்றார். ராஜாவின் முகம் மலர்ந்தது. அதற்குமேல் சுழியனால் வாயை அடக்க முடியவில்லை.

"மகாராஜா, ஒருவன் தன் கண்ணைத் தோண்டி விற்றாலும் அந்த மணி அடிக்கும்" என்றான்.

ராஜாவின் விரல்கள் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கின. அம்பலவாணர் இதற்காகத்தான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தார். பணிவாகக் குனிந்து ஒரு யோசனை சொன்னார். மகாராஜா நாளை வேட்டைக்குப் போகிறீர்கள். திரும்பி வர அரைமாதம் ஆகும். அதுவரை முத்திரை மோதிரம் சுழியனிடம் இருக்கட்டும். அரண்மனையை அவனே நடத்தட்டும். ஜனங்களிடம் ஒரு காசு கூடுதலாக வசூலிக்கக் கூடாது. ஆனால் மணி மட்டும் வழக்கத்தைப்போல இருமடங்கு அடிக்க வேண்டும். அடித்தால் ஏலம் இல்லை. அடிக்காவிட்டால் ஏரியும் போகும், மணியைப் பழித்த தலையும் போகும்.

ராஜா சரி என்றார். சுழியன் ஒன்றே ஒன்று கேட்டான். "எந்த வழியில் அடித்தாலும் சம்மதமா, மகாராஜா?"

"வழியை நான் கேட்பதில்லை, சுழியா. அடியைத்தான் எண்ணுவேன்."

வீட்டுக்கு வந்து அவன் நடந்ததைச் சொன்னபோது மனைவி செவ்வந்தி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "தலையப் பணயம் வெச்சிட்டு வந்து, கொழம்புல உப்பு கம்மின்னு வேற சொல்லுவீரு." அடுப்பைத் தணித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "விக்கிறதுக்கு நம்மகிட்ட என்னய்யா இருக்கு?"

"நம்மகிட்ட இல்ல. அவருகிட்ட நிறைய இருக்கு" என்றான் சுழியன்.

மறுநாள் அரண்மனைச் சாமான்கள் விற்பனைக்கு என்று முரசு முழங்கியது. முதல் நாள் ஒருவரும் கிட்ட வரவில்லை. அம்பலவாணர்தான் மனக்கணக்குப் போட்டார். விற்பது ராஜ முத்திரையோடு விற்கிற விற்பனை. ராஜா திரும்பினால் இவன் தலை உருளும். வாங்கியது வாங்கினவனுக்கு. ராஜாவின் தந்தக் கட்டிலை அவரே முதல் ஆளாக வாங்கினார். அரண்மனைக் கிணற்றையும் ராட்டினம், கயிறு உட்பட வாங்கினார். நந்தவனத்துப் புன்னை மரத்தையும் விலை பேசி முடித்தார். அதைப் பார்த்து மற்ற பெரிய மனிதர்களும் முண்டியடித்தார்கள். ராஜகுரு தேக்குக் கதவுகளைக் கொண்டுபோனார். சேனாதிபதி பட்டத்து யானையை ஓட்டிப்போய், அது தின்கிற தீனியைப் பார்த்து மூன்றாம் நாளே விழிபிதுங்கினார். மணி அடிப்பவனுக்குத் தோள் வீங்கிவிட்டது.

சுழியனுக்கு மட்டும் தூக்கம் இல்லை. விற்றது எல்லாம் திரும்பி வரக்கூடிய சாமான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் நந்தவனப் பக்கம் கோடரிச் சத்தம் கேட்டது. ஓடினான். வைரம் பாய்ந்த மரம், உத்தரத்துக்கு ஆகும் என்று தச்சன் சொன்னானாம், அம்பலவாணர் ஆளை விட்டுப் புன்னையைச் சாய்த்துவிட்டார். ராஜா குழந்தையாக இருந்தபோது தாயார் அதில்தான் தூளி கட்டி ஆட்டினார். சுழியன் அடிமரத்தில் கை வைத்தான். இன்னும் ஈரமாக இருந்தது. இனி தலை தப்புவது கஷ்டம் என்று அப்போதுதான் அவனுக்கு நிஜமாக உறைத்தது.

அரைமாதம் கழிந்து ராஜா திரும்பினார். இரண்டு காத தூரத்திலேயே மணிச்சத்தம் காதில் விழுந்தது. இருமடங்கு இல்லை, மூன்று மடங்கு. சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டார். கோட்டை வாசலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கதவு இல்லை. உள்ளே விளக்கு இல்லை, விரிப்பு இல்லை. சபையாரை வரவழைத்துவிட்டு, வேட்டைப் புழுதியோடு வெறுந்தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"கிணறு விற்றாகிவிட்டது, மகாராஜா. ஒரு குடம் பத்துப் பொன் என்று வாங்கினவர் ஆள் நிறுத்தியிருக்கிறார். உங்கள் முத்திரை வைத்த விற்பனை" என்றான் சுழியன்.

ராஜா எழுந்தார். வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. வேலைக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் தாகம் கோபத்தைவிடப் பெரிது. கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி எறிந்தார். குடம் வந்தது. அந்த விற்பனைக்கான வரி கருவூலத்தில் விழுந்து, ராஜா குடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மணி ஒரு அடி அடித்தது.

"கேட்டீர்களா, மகாராஜா?" என்றான் சுழியன். "நாடு செழித்துவிட்டது."

ராஜா குடத்தை இறக்கினார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் அவர் கண் நந்தவனத்தின் பக்கம் போனது. புன்னை நின்ற இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. வாள் முழுதாக வெளியே வந்து சுழியனின் கழுத்தில் நின்றது.

சுழியன் நகரவில்லை. "விற்றது நான், மகாராஜா. வெட்டமாட்டார்கள் என்று நினைத்தது என் பிசகு. அதற்குத் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திரும்பி வரும், யானை திரும்பி வரும். புன்னை வராது. ஆனாலும் அதற்கு நாலு அடி கேட்டது. போன மாசியில் நீங்கள் கேட்டு மகிழ்ந்ததும் இதே மாதிரி அடிதான். ஏரியை விற்றால் எண்பது கேட்கும். மறுவருஷம் நாணலேரியில் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குவார்கள். அப்போதும் கேட்கும். வாங்கக் கையில் ஒன்றும் இல்லாமல் ஊரைவிட்டுப் போவார்கள். அது மட்டும் கேட்காது."

வெகுநேரம் வாள் அசையவில்லை. பிறகு ராஜா மெல்லக் கேட்டார். "அப்படியானால் ஒரு நாடு நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்து அளப்பது?"

"சித்திரை வெயிலில் ஏரிக்குள் இறங்குகிற மாட்டுக்கு முழங்கால் நனைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குதிரில் விதைநெல் மிச்சம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருகிறவளுக்குப் பானையில் சோறு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் மணி அடிக்காது. ஆள்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்."

வாள் இறங்கியது. ராஜா களைத்துப்போய் நின்றார். "எனக்குப் படுக்க வேண்டும். கட்டில் எங்கே?"

"அம்பலவாணர் வீட்டில், மகாராஜா."

எல்லோர் தலையும் அம்பலவாணர் பக்கம் திரும்பியது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன் என்று அவர் இழுத்தார்.

"பத்திரமாகத்தான் இருந்தது" என்றான் சுழியன். "ராத்திரிதோறும் இவரே மேலே ஏறிப் படுத்துக் காவல் காத்தார். குறட்டைச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது."

ராஜாவின் தொண்டையில் என்னவோ அடைத்தது. இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. முதலில் வறண்டு வந்தது, பிறகு கண்ணில் நீர் வரும்வரை வந்தது. சிரித்து முடித்துவிட்டு, சாமான்கள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும், கொடுத்த விலையைக் கருவூலத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். புன்னையை வெட்டியவர் தன் கையாலேயே பத்துக் கன்று நட்டு, மரமாகும் மட்டும் தண்ணீர் சுமக்க வேண்டும் என்றார். பிறகு அம்பலவாணரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராஜ கட்டிலில் தூங்கியதற்கு வாடகை உண்டு அல்லவா? எவ்வளவு இருக்கும், சுழியா?"

சுழியன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "முந்நூற்றுப் பதினேழு பொன், மகாராஜா."

அம்பலவாணர் வீட்டிலிருந்து அந்தப் பொன் அன்றே வந்து நாணலேரிக் கடனில் வரவானது. வழக்கப்படி மணி அடிப்பவன் சுத்தியலை ஓங்கினான். ராஜா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அடிக்காதே. கடன் தீர்ந்தது. முதலில் நாணலேரிக்குப் போய், ஏரியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்து வா."