படத்தோடு வந்த படையல்

மஞ்சனாற்றுக்கோட்டையை ஆண்ட செங்கோட்டு பூபதிக்குப் பழைய போட்டோப் பைத்தியம். வைரம் வேண்டாம், யானை வேண்டாம், பழுப்பேறிய படம் ஒன்று கிடைத்தால் போதும். பட்டணத்து ஏலத்தில் வாங்கி அலுத்துப்போய், உள்ளூர் வீடுகளில் கைவைத்தார். கேட்ட விலை கொடுத்தார், பாவம், நல்ல மனுஷர்தான். ஆனால் ராஜா கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? ஊர்ச் சுவரில் இருந்த முன்னோர்கள் எல்லாரும் அரண்மனைக் கூடத்துக்குக் குடிபோனார்கள்.

கடைசியில் பூக்காரி சிலம்பாயியின் முறை வந்தது. அவள் புருஷன் சடையாண்டி பரிசல் ஓட்டியவர். ஊர் ஊராகப் படம் எடுத்துத் திரிந்த ஒருவர், ஆற்றைக் கடந்த கூலிக்குப் பதிலாக அவரைப் பரிசலோடு படம் எடுத்துக் கொடுத்திருந்தார். செத்துப்போன மனுஷனின் முகம் என்று அவளுக்கு மிச்சம் அது ஒன்றுதான். அரண்மனை விகடர் குழந்தைவேலரிடம் ஓடிவந்து அழுதாள். அவர் அவளிடம் ஒன்றே ஒன்று விசாரித்தார்: புருஷனுக்கு என்ன பிடிக்கும்? அவள் சொன்ன பதிலைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சடையாண்டியின் நினைவு நாளன்று படம் கூடத்துக்கு வந்தது. ராஜா ஆசையாகக் கையில் வாங்கினார். பின்னாலேயே சிலம்பாயி வந்து, படத்துக்கு முன்னால் இலை போட்டாள். கருவாட்டுக் குழம்பு, ஒரு மொந்தை கள், இரண்டு சுருட்டு. பூபதியோ சுத்த சைவம். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன கூத்து என்று சீறினார்.

"படையல், மகாராஜா," என்றார் குழந்தைவேலர். "படம் எங்கேயோ, இலையும் அங்கேதானே?"

"அவள் வீட்டில் போட்டுக்கொள்ளட்டுமே!"

"அங்கே வெறும் ஆணிதான் இருக்கிறது. ஆணிக்கா படைப்பாள்?"

"நான் வாங்கியது படத்தை மட்டும்தானய்யா."

"படத்தில் இருப்பவர் பட்டினியாகவா வருவார்?"

ராஜா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்க மீசைகள். இவர்களுக்கும் இப்படித்தானா என்று மெல்லக் கேட்டார்.

நாளைக்குக் கொல்லர் வீட்டுப் பெரியவரின் நினைவு நாள், அவருக்கு ஆட்டுக்குடல் என்றால் உயிர் என்று பணிவாகச் சொன்னார் குழந்தைவேலர். மறுநாள் வண்டிக்காரர் மாமனார், அவருக்கு நத்தை. சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நல்லது என்றும் யோசனை சொன்னார்.

பூபதிக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சடையாண்டியைத் தன் கையாலேயே சிலம்பாயியிடம் கொடுத்தார். அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசல் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற படங்களும் பொழுது சாய்வதற்குள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. விகடருக்கு ஒரு சரிகை அங்கவஸ்திரம் கிடைத்தது.

"ஆசை விடமாட்டேன் என்கிறதே," என்று வெறும் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் ராஜா. "இனி நான் யார் படத்தை வாங்குவது?"

"உயிரோடு இருப்பவர்கள் படமாகப் பார்த்து வாங்குங்கள், மகாராஜா. அவர்கள் தங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்வார்கள்."