புறா வலை விளம்பரம்

கேட்டிருப்பாரான்னா? கேட்டாரே கோமதி! எங்க வீட்டுக்காரரு, அறுபத்தி மூணு வயசு மனுஷன், இருபத்தெட்டு வயசு ஷகிலா முன்னாடி நின்னு, "டீச்சர், எனக்கு ஒரு வழி சொல்லு"ன்னு கேட்டாரு. நான் அவ வீட்டு மொட்டை மாடியில உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருந்தேன். என் கண்ணால பாத்தேன். நீ என்னத்த பாத்த?

டீச்சர்னா பள்ளிக்கூட டீச்சர் இல்ல. நாப்பது புறா வச்சிருக்கா. ஒரு புறா தும்முனா, அது தூசியா சளியான்னு சொல்லிடுவா. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன மறுநாளே அவகிட்ட போய் சேந்தாரு. அவ சொல்லச் சொல்ல இவரு எழுதி, போட்டோ எடுத்து, புறா வளக்கறவங்களுக்குன்னே ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாரு. அஞ்சு வருஷம் ஆச்சு. காலையில எழுந்ததும் பல்லு வெளக்குறாரோ இல்லையோ, அதத்தான் தொறப்பாரு.

அதுக்கு வருஷா வருஷம் வாடகை கட்டணும். பென்ஷன்லேருந்து கட்டிட்டிருந்தாரு. இந்த வருஷம் நான் விடல. என் பல்லு செட்டு என்னாவறது? வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலன்னா மூடிடுவாங்களாம். சரின்னு விளம்பரம் போட்டாரு.

விளம்பரம்னதும் ஞாபகம் வருது. எங்க அத்தை பையன், செலவு மிச்சம்னு பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி பல் டாக்டர் விளம்பரம் போட்டான். மாப்பிள்ளை வீட்டுல, "பொண்ணுக்கு எத்தனை பல்லு கட்டினது?"ன்னு ஆள் அனுப்பிட்டாங்க! எங்க விட்டேன்? ஆங், விளம்பரம்.

அத யாரும் பாத்துப் போடறதில்லையாம். கம்ப்யூட்டரே போடுமாம். பக்கத்துல எந்த வார்த்தை ஜாஸ்தியோ, அதுக்குத் தோதா ஒண்ணு. இவரு பக்கம் பூரா புறா, புறா, புறா. அது என்ன போட்டுச்சு தெரியுமா?

"புறா தொல்லையா? பால்கனிக்கு வலை! ஒரே போன், புறா ஓடிடும்!"

மதுரையிலேருந்து ஒருத்தர் போன். "அண்ணே, என் புறாவுக்குக் கழுத்து திருகிக்கிச்சு, மருந்து பாக்கலாம்னு வந்தா வெரட்டச் சொல்றீங்களே! நீங்க எங்க கட்சியா, அவங்க கட்சியா?"

இவரு மூஞ்சி செத்துப் போச்சு. அன்னைக்குத்தான் ஷகிலாகிட்ட போனாரு.

"டீச்சர், இருக்கறதுலயே வலைக்காரன் விளம்பரம்தான் காசு தருது. எடுத்தா வெள்ளிக்கிழமை மூடணும். வச்சா நம்ம ஆளுங்க ஒருத்தர் கூட மிஞ்ச மாட்டாங்க. என்ன பண்ண?"

அவ புறாவுக்குக் கம்பு போட்டுக்கிட்டே, "அந்த நம்பர் சொல்லுங்க சார்"ன்னா.

"திட்டப் போறியா?"

"வலை வாங்கப் போறேன்."

இவரு என்னைப் பாத்தாரு. நான் கீரையைப் பாத்தேன்.

சாயங்காலம் தயாளன்னு ஒருத்தன் தோள்ல வலைச் சுருளோட வந்தான். மாடி ஏறினவன் கூண்டைப் பாத்து அப்படியே நின்னுட்டான்.

"அக்கா, இவ்ளோ புறாவையும் வெரட்டணுமா? பாவம்க்கா."

"ஒண்ணு கூட போகக் கூடாது. பூனை வருது. போன வாரம் ரெண்டு போச்சு. கூண்டைச் சுத்திக் கட்டு."

"சுத்தியா?" அவன் தலையைச் சொறிஞ்சான். "எட்டு வருஷமா கட்றேன். இப்பிடி யாரும் கேட்டதில்லக்கா."

"எங்கள மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு சார்கிட்ட கேளு."

இவரு கணக்கா சொன்னாரு. மாசம் ஒம்பதாயிரம் பேர் வந்து படிக்கறாங்க, எல்லார் மாடியிலயும் கூண்டு இருக்குன்னு. தயாளன் வலையைக் கீழ வச்சுட்டான். அவனுக்கு வாயெல்லாம் பல்லு.

"கம்ப்யூட்டர் மூலமா வேணாம். எங்ககிட்ட நேரா விளம்பரம் குடு. ஒரு வருஷத்துக்கு," அப்பிடின்னா ஷகிலா. "ஆனா 'புறா ஓடிடும்'னு இருக்கக் கூடாது. 'புறா பத்திரம்'னு போடணும்."

"ரெண்டே எழுத்து... இல்ல, ஒரே வார்த்தைதானக்கா? போட்டுக்க!"

அவன் குடுத்த காசுல வியாழக்கிழமையே வாடகை கட்டியாச்சு. மதுரைக்காரர் மொத ஆளா வலை கேட்டு போன் பண்ணாரு. அந்தக் கழுத்து திருகின புறாவும் பொழச்சுக்கிச்சாம்.

இவருக்குத்தான் மனசு ஆறல. மறுநாள் போய் மறுபடி நின்னாரு.

"டீச்சர், எனக்கு ஒண்ணு புரியல. அதே ஆளு, அதே வலை. நேத்து வரைக்கும் நமக்கு எதிரியா இருந்துச்சே?"

ஷகிலா ஒரு புறாவைக் கையில எடுத்து இறக்கையை விரிச்சுப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அதே வலைதான் சார். புறா எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்க பாக்கல."

இவரு வாயே தொறக்கல கோமதி. வீட்டுக்கு வந்தும் பேசல. முப்பத்தஞ்சு வருஷத்துல அப்பிடி ஒரு அமைதியை நான் கண்டதில்ல, அனுபவிச்சேன்.

ஏங்க! அந்த கம்ப்யூட்டரை விட்டு எந்திரிங்க. கோமதிக்கு ஒரு காபி கொண்டு வாங்க, சக்கரை தூக்கலா!