பக்கத்து லிஃப்டில் யார்?

நியாயம் சொல்வதில் கெட்டிக்காரர்களே, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். இந்தக் கதையில் ஒருவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. யார் மேல் என்று முன்கூட்டியே சொன்னால் நீங்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவீர்கள்.

கோவில்பட்டி செண்பகவல்லி, மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடும் தம்பி பூவண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். டாக்டர் ரொசாரியோ இருவர் தலையிலும் ஒயர்களை ஒட்டி, காதில் 'டக், டக்' என்று இரட்டைச் சத்தம் கேட்க வைத்தார். சாதாரண மூளை இரண்டாவது 'டக்'கை, கேட்டதுதானே என்று பாதி தள்ளிவிடும். தம்பியின் மூளை தள்ளவில்லை. அக்காவின் மூளையும் தள்ளவில்லை.

"குடும்பத்துல வர்ற மரபணுக்களால இப்படி இருக்கலாம்மா. சின்னச் சத்தத்தையும் உங்க மூளை விடாது. அதுக்காக உங்களுக்கு நோய்னு அர்த்தமில்ல," என்றார் டாக்டர். கடைசி வாக்கியம் அவள் காதில் ஏறவே இல்லை. தம்பியின் பேச்சை வீட்டில் ஒருவரும் நம்பாமல் போய் எட்டு வருடம் ஆகிறது. இனி நம் பேச்சும் அப்படித்தானா என்று அவள் பயந்தாள்.

டாக்டரோடு மூவரும் இறங்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் இரைச்சல். அதற்கடியில் செண்பகவல்லிக்கு ஏதோ கேட்டது. நாலு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ரெண்டு தட்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, பக்கத்து லிஃப்டுல யாரோ தட்டுதாங்க," என்றான் பூவண்ணன். "நாலு, அப்புறம் ரெண்டு."

டாக்டர் காதைத் தீட்டிக் கேட்டார். அவருக்கு ஃபேன்தான் கேட்டது. "அது ரிப்பேர்னு நிறுத்தி வச்சது பூவண்ணா. மெல்ல மூச்சை இழுத்து விடு."

"எனக்குள்ள கேக்குற குரல் என் பேரைச் சொல்லித் திட்டும் சார். இது வெறுந் தட்டு."

டாக்டர் போனில் கூப்பிட்ட லிஃப்ட் மெக்கானிக் ஸ்பீக்கரில் கேட்டார்: "வேற யாரும் மாட்டலையே சார்? உங்கள எறக்கிட்டுக் கெளம்பிருவேன். இனி நாளைக்குத்தான் வருவேன்."

டாக்டர் "இல்ல" என்று சொல்ல வாயெடுத்தார். செண்பகவல்லி இருதலைக்கொள்ளி எறும்பானாள். கேட்கிறது என்றால் அவளும் நோயாளி. கேட்கவில்லை என்றால் யாரோ ஒருவர் நாளைவரை அந்தப் பெட்டிக்குள்.

அந்தத் தட்டல் மெய்யா, பிரமையா? மூவரில் யாரை நம்புவீர்கள்? செண்பகவல்லி என்ன செய்வது சரி?

விடை: மெய்தான். தம்பி வாய் திறக்கும் முன்பே அக்கா மனசுக்குள் எண்ணிவிட்டாள். இல்லாத சத்தம் இரண்டு தலைக்குள் ஒரே கணக்கில் கேட்காது. டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் மூளை அதை ஃபேன் இரைச்சலோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. ஆனால் சொன்னவன் நோயாளி என்பதால் விசாரிக்கச் சொல்லாமலே 'இல்ல' என்று சொல்லப் போனாரே, அதுதான் என் கோபம். செண்பகவல்லி போனைப் பிடுங்கினாள். "எனக்கும் கேக்குது. என் பேரையும் நோயாளின்னு எழுதிக்கிடுங்க. மொதல்ல அந்தக் கதவத் தொறங்க!" துடைக்கப் போன இடத்தில் கதவு மூடிக்கொள்ள, இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்த துப்புரவுப் பணியாளர் அன்னபாக்கியம் வெளியே வந்தார். யாருக்கு நன்றி சொல்ல என்று கேட்டார். டாக்டர் பூவண்ணனைக் காட்டினார்.