கரை தட்டப் பிறந்த கப்பல்

முன்னொரு காலத்தில், கடலில் உப்பும் அரண்மனையில் கொழுப்பும் மிகுந்திருந்த அலைவாய் நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், சாப்பாட்டுக்குப் பிறகு வேறொன்று சொல்வான். நடுவில் யார் காதில் ஊதினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஊதுவதற்கென்றே ஒருவர் இருந்தார். கப்பல் கட்டும் துறைக்கு அதிகாரி, பெயர் கனகராயர். அன்னமுகம் வைத்த புதுக்கப்பல் ஒன்றைக் கட்டி நிறுத்திவிட்டு, அதைப் பார்த்து வியக்காமல் யாராவது கடந்துபோனால் கோபித்துக்கொள்வார். மந்திரி பொய்யாமொழியை அவருக்குக் கண்டாலே ஆகாது.

அந்த மந்திரி, நட்பு நாடான மரகதபுரியிடமிருந்து மூன்று பழைய கப்பல்களை வாங்கி வந்தார். யானை, குதிரையோடு படையை ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல்கள். தட்டையான அடி, மொட்டை மூக்கு. அழகு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது.

சபையில் கனகராயர் எழுந்தார். “அரசே, பக்கத்து வீட்டுக்காரர் உடுத்திக் கழித்த வேட்டியை யாராவது கட்டிக்கொள்வார்களா? நம் கடற்படைக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?”

“கிழியாத வேட்டி, கனகராயரே. கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,” என்றார் மந்திரி.

சபை சிரித்தது. ராஜாவுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் கொடி இன்னொருவன் பழசில் பறக்காது. நாளைக்கே திருப்பி அனுப்புங்கள்.”

அந்த நேரம் பார்த்துச் சங்குத்தீவு மீனவர்களின் தலைவி பேச்சித்தாய், உப்பு பூத்த சேலையோடு உள்ளே வந்தாள். “ராசா, புயல் எங்க தீவையே சாய்ச்சுப்புட்டுது. பனையெல்லாம் முறிஞ்சு குடிதண்ணி ஊருணிக்குள்ள கெடக்கு. மனுசக் கையால அசைக்க முடியல, ஆனைதான் வேணும். புள்ளைங்களுக்கு எளநியக் குடுத்து ஓட்டுறோம். அதுவும் தீரப்போவுது.”

“என் அன்னக்கப்பல் யானையைக் கொண்டுபோகும்,” என்று முந்திக்கொண்டார் கனகராயர். “அந்தக் கிழட்டுக் கப்பல்களில் ஏதாவது ஒன்று யானையைக் கரைசேர்த்தால், அதன் அடியில் ஒட்டிய சிப்பியை நானே என் கையால் சுரண்டுகிறேன்.”

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம் மாதிரி. “இரண்டு கப்பலும் போகட்டும். மந்திரியாரே, உம்முடையது தோற்றால் நீர் பதவியை விட்டு இறங்க வேண்டும். எந்த யானை வேண்டும் உமக்கு?”

“பட்டத்து யானை கோமேதகம்.”

ராணியைவிட அந்த யானைமேல்தான் ராஜாவுக்குப் பிரியம் என்பது ஊருக்கே தெரியும். ராணிக்கும் தெரியும்.

“அதன்மேல் ஒரு கீறல் விழுந்தாலும் உம் தலை இருக்காது.”

“தெரியும் அரசே. தெரிந்துதான் கேட்கிறேன்.”

கனகராயர் ஓர் இளம் யானையைத் தேர்ந்தெடுத்தார். அதை அன்னக்கப்பலில் ஏற்றுவதற்குள் ஆட்கள் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோனார்கள். கோமேதகமோ பழைய கப்பலைக் கண்டதும் தானே உள்ளே போய், மூலையில் ஒரு தூணில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டது. பாகனே வாயைப் பிளந்தான்.

ராஜா கனகராயரோடு அன்னக்கப்பலில் ஏறினான், மந்திரி பழைய கப்பலில். அன்னக்கப்பல்தான் முதலில் போய்ச் சேர்ந்தது, வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தீவில் துறைமுகம் கிடையாது. கரைக்கு வெகு முன்பே ஆழம் முடிந்துவிட, கப்பல் அங்கேயே நின்றுவிட்டது. உயரமான மேல்தளத்திலிருந்து யானையை இறக்க வழியில்லை.

பின்னாலேயே பழைய கப்பல் வந்தது. வரும் வழியிலேயே அதன் மாலுமிகள் பின்பக்கமாக நங்கூரத்தைப் போட்டார்கள்.

“நிற்பதற்கு முன்பே நங்கூரம் போடுகிறார்கள் பாருங்கள், அதுவும் முதுகுப்பக்கம்,” என்று கனகராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கப்பல் நிற்கவில்லை. வடம் பின்னால் நீள, நேராகக் கரையை நோக்கிப் போய் மணலில் தொம்மென்று மோதியது.

“ஐயோ, என் கோமேதகம்,” என்று அலறினான் ராஜா.

“கரை தட்டிவிட்டது அரசே,” என்றார் கனகராயர். கல்யாணச் செய்தி சொல்கிற முகம் அவருக்கு.

அப்போது கப்பலின் மொட்டை மூக்கு அப்படியே கதவாகத் திறந்து மணலில் சாய்ந்தது. கோமேதகம் நிதானமாக நடந்து இறங்கியது. பாதம்கூட நனையவில்லை.

ராஜா கட்டுமரத்தில் ஏறி, கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் பட்டாடையோடு நடந்து கரை சேர்வதற்குள், முதல் பனை ஊருணியைவிட்டு வெளியே வந்திருந்தது. எல்லாப் பனையும் வெளியே வந்து தண்ணீர் தெளிந்ததும், பேச்சித்தாய் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ராஜாவுக்கு ஒரு செம்பு நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

கனகராயர் விடவில்லை. “யானை இறங்கியது சரி. மணலில் ஏறிய கப்பலை யார் மீட்பது?”

“கடல் மீட்கும். கொஞ்சம் பொறுங்கள்,” என்றார் மந்திரி.

மாலையில் கடல் ஏறியது. நம் மாலுமிகள் பின் நங்கூரத்தின் வடத்தைப் பாட்டோடு சுற்றிச் சுற்றி இழுத்தார்கள். கப்பல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மணலைவிட்டு நழுவி, தண்ணீரில் நிமிர்ந்து மிதந்தது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

“கோமேதகம் எப்படி அவ்வளவு சாதுவாக ஏறியது?” என்று கேட்டான் ராஜா.

“தங்கள் முடிசூட்டு விழாவுக்கு மரகதபுரி அரசர் தம்முடைய யானையைப் பரிசாக அனுப்பினாரே, இந்தக் கப்பலில்தான் வந்தது. அந்தத் தூண் தேய்ந்திருப்பதும் அதன் தோள் பட்டுத்தான். அன்றைக்கு எல்லாரும் யானையைப் பார்த்தோம், கப்பலை யாரும் பார்க்கவில்லை.”

ராஜா யோசித்தான். “அப்படியானால் கோமேதகம்...”

“அவர் ஏறிக் கழித்த யானைதான் அரசே. அதன்மேல் தாங்கள் பவனி வரும்போது அவமானம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.”

ராஜா சிரித்த சிரிப்பில் கோமேதகம் திரும்பிப் பார்த்தது. தன் கழுத்து முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். கொடியை வாங்கித் தன் கையாலேயே அந்தக் கப்பலில் கட்டினான். பிறகு ஒரு நல்ல உளியாகப் பார்த்துக் கனகராயரிடம் கொடுத்தான்.

ஊர் திரும்பியதும் கப்பலைக் கரையேற்றி நிறுத்தினார்கள். தட்டையான அடி அல்லவா, சுரண்ட வேண்டிய இடம் நிறைய. கனகராயர் முட்டிபோட்டு வியர்க்க வியர்க்கச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகப் போன வெளிநாட்டு வியாபாரி ஒருவன், “இது மரகதபுரிக்காரர்களின் பழசுதானே?” என்று கேட்டான்.

கனகராயர் உளியோடு எழுந்து நின்றார்.

“யாரப்பா சொன்னது? இது எங்கள் கப்பல்.”